சின்னப்பாவின் வீடுகளும் பூட்டிய திரையரங்குகளும்

பி.யு. சின்னப்பா என்ற பெயரின் முதல் எழுத்து புதுக்கோட்டையைக் குறிக்கும். அடுத்தது தந்தை உலகநாத பிள்ளையை. ஊரைப் பெயரில் சுமந்த அந்த நடிகரை எங்கள் தலைமுறை தாத்தாக்களின் வாய்வழியாகவே அறிந்தது. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அவர் வாழ்க்கை வேறொரு பாடத்தையும் சொல்கிறது. கலையில் ஈட்டிய பணம் கலைக்குத் திரும்பாமல் மண்ணில் போய் முடங்குவது ஏன் என்பதே அது.

1916-ஆம் ஆண்டு பிறந்த சின்னப்பாவுக்கு வறுமையால் பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. கயிறு திரிக்கும் கடையில் சிறிது காலம் வேலை பார்த்தார். பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்துவந்த நாடக சபையிலும், அடுத்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் சேர்ந்தார். மாதம் 15 ரூபாயில் தொடங்கிய ஊதியம், அவரது குரல்வளத்தால் 75 ரூபாயாக உயர்ந்தது. எம்.ஜி.ஆரும் அக்கம்பெனியில் வளர்ந்தவரே.

சிறுவர் நாடகக் கம்பெனி என்பது அன்றாட வசூலை நம்பிய தொழில். உடைகள், காட்சித் திரைகள், சிறுவர்களின் சாப்பாடு, ஊர்விட்டு ஊர் செல்லும் செலவு என அனைத்தும் நுழைவுச் சீட்டு விற்பனையிலிருந்தே வர வேண்டும். சிறுவனின் குரல் உடைந்துவிட்டால் அவனுக்கு அங்கே மதிப்பில்லை. குரல் மாறிய பருவத்தில் சின்னப்பாவும் கம்பெனியை விட்டு விலகி, சிலம்பமும் மற்போரும் பயின்றார்.

1936-இல் 'சந்திரகாந்தா' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்' படத்தின் இரட்டை வேடம் அவரை உச்சத்துக்கு உயர்த்தியது. 'ஆர்யமாலா', 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்' என வெற்றிகள் தொடர்ந்தன. வந்த பணத்தில் அவர் சொந்த ஊரில் வீடுகளாக வாங்கினார். இனி வாங்கக் கூடாதென்று சமஸ்தான நிர்வாகமே தடை விதித்ததாக ஊரில் இன்றும் ஒரு கதை உண்டு.

இதைப் பேராசை என்று நான் கருதவில்லை. நாளைய வருமானம் நிச்சயமற்ற கலைஞனுக்கு வீட்டு வாடகை மட்டுமே நம்பகமான வரவு. வேறு வழி சொல்ல ஆலோசகர் இல்லை. கேளிக்கைத் தொழிலுக்கு நீண்டகாலக் கடன் தரும் நிறுவனமும் இல்லை. இன்று தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமாக இருக்கும் நிறுவனம் உருவானதே 1949-இல்தான். 1951 செப்டம்பர் 23 அன்று, புதுக்கோட்டைத் திரையரங்கில் 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சின்னப்பா இரத்த வாந்தி எடுத்துக் காலமானார். அப்போது அவருக்கு வயது 35.

அவர் கடைசி மாலையைக் கழித்தது போன்ற ஒற்றைத் திரை அரங்குகள் இன்று சிறு நகரங்களில் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. காரணம் அதே பழைய கணக்குதான். அரங்கு ஈட்டும் வருமானத்தைவிட அது நிற்கும் மனையின் விலை அதிகம். கடன் கேட்டுச் சென்றாலும் மனையே ஈடாகக் கேட்கப்படுகிறது. தொழில் பொய்த்தால் குடும்பச் சொத்தே போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். 2025-இல் 100 ரூபாய் வரையிலான நுழைவுச் சீட்டுக்கு சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது உதவிதான். ஆனால், வரிக்குறைப்பு மட்டுமே ஓர் அரங்கை மீட்டுவிடாது.

பணத்துக்கு முன் ஆலோசனை வேண்டும். மாவட்டத் தொழில் மையமும், கல்லூரி வணிகவியல் துறைகளும், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் சேர்ந்து உரிமையாளருடன் அமர்ந்து வரவு செலவை ஆராயலாம். இருக்கைகளைக் குறைத்தல், காட்சியில்லாத பகற்பொழுதில் நாடகம், கச்சேரி, பள்ளி விழாக்களுக்கு வாடகைக்கு விடுதல் ஆகியவற்றால் என்ன வரும் என்று கணக்கிடலாம். கணக்கு நின்றால், முதல் இரண்டு ஆண்டுகள் அசல் தவணை இல்லாத நீண்டகாலக் கடனும், அதில் ஒரு பகுதிக்கு அரசின் உத்தரவாதமும் தேவை. கணக்கு நிற்கவில்லையெனில், அந்த அரங்கை மூடச் சொல்வதும் நேர்மையான ஆலோசனையே.

சின்னப்பாவின் ஊரில், ஓர் அரங்கிலாவது இம்முயற்சியைத் தொடங்குவது அவருக்கு நாம் செலுத்தும் பொருத்தமான மரியாதையாக இருக்கும்.