ரெண்டாயிரம் ரூபாய் கார்

உங்க போன் வால்பேப்பர்ல லம்போர்கினி இருக்கா? நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் போன்ல இருக்கு. அந்த கம்பெனியை ஆரம்பிச்ச ஃபெரூச்சியோ லம்போர்கினி, இத்தாலியில ஒரு திராட்சை விவசாயியோட பையன். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும், ராணுவம் கழிச்சுப் போட்ட வண்டிகளோட பாகங்களை வெச்சு டிராக்டர் செஞ்சார். அதுல சம்பாதிச்ச காசுலதான் 1963-ல் கார் கம்பெனி. 1966-ல் மியூரா வந்துச்சு. வி12 எஞ்சினை டிரைவருக்குப் பின்னாடி குறுக்கா வெச்ச கார் அது. அதுக்கப்புறம் கவுன்டாச்... இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

நான் சொல்ல வந்தது, அவருக்கு 23 வருஷம் முன்னாடி நம்ம ஊர்ல பிறந்த இன்னொரு விவசாயி வீட்டுப் பையனைப் பத்தி. ஜி.டி. நாயுடு. 1893-ல் கோயம்புத்தூர் பக்கத்துல கலங்கல் கிராமத்துல பிறந்தார். படிப்பு தொடக்கப் பள்ளியோட சரி.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்த்தார். மாடும் இல்ல, குதிரையும் இல்ல, எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. கோயம்புத்தூர் போய் ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி ஊர் சுத்தினார்னா நினைக்கிறீங்க? அக்கு வேறு ஆணி வேறா கழட்டினார். திரும்ப மாட்டினார். அதுதான் அவரோட மெக்கானிக்கல் டிகிரி. (நாம லேப்ல வெட்டி வெச்ச எஞ்சினைச் சுத்தி நின்னு பார்த்துட்டு ரெக்கார்ட் நோட் எழுதறோம். அதை இங்க பேச வேண்டாம்.)

1920-ல் கடன் வாங்கி ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு, அவரே டிரைவர். அது வளர்ந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆச்சு. பஸ் ஓட்டி வந்த காசுல வெளிநாடு போய் தொழிற்சாலைகளைப் பார்த்தார், சின்ன மோட்டார்ல ஓடுற ரேசர் செஞ்சார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவிலேயே எலக்ட்ரிக் மோட்டார் தயாரிச்சார். கண்ணமங்கலம் பக்கம் கிணத்து மேட்டுல ஓடுற பம்ப்செட்ல கோயம்புத்தூர் பேரைப் பார்த்திருப்பீங்க இல்ல? அந்தக் கதையோட ஆரம்பம் இங்கதான்.

1945-ல் கோயம்புத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி வர அவரும் காரணம். ஆனா இத்தனை வருஷப் படிப்பு வீண், சீக்கிரமே சொல்லிக் கொடுத்துடலாம்னு அவர் சொன்னதை அரசாங்கம் ஏத்துக்கலை. விலகிட்டார். எட்டாவது செமஸ்டர்ல உட்கார்ந்து இதை எழுதற எனக்கு, அவர் பக்கம் நியாயம் இருக்குன்னுதான் தோணுது.

இப்ப காருக்கு வருவோம். 1952-ல் ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணு செஞ்சார். விலை 2,000 ரூபாய். அந்தக் காலத்துல தொழிற்சாலை போட டெல்லியோட லைசென்ஸ் வேணும். 1951 சட்டம் அப்படி. லைசென்ஸ் கிடைக்கலை. கார் அதோட நின்னுபோச்சு.

ஒண்ணு சொல்லியாகணும். ஒரு புரோட்டோடைப் ஓடுறதும், அதே விலையில ஆயிரக்கணக்குல செஞ்சு விக்கிறதும் ஒண்ணு இல்ல. அந்த ரெண்டாயிரம் கட்டுப்படியாகி இருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். ஆனா தோத்துப் பார்க்கக்கூட விடலையே! லம்போர்கினி கம்பெனி 1978-ல் திவாலே ஆச்சு. கை மாறிக் கை மாறி இன்னிக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமத்துல ஜம்முனு இருக்கு. இங்க, சாமானியனுக்கான சின்ன கார்னு மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பர்ல. அதுக்குள்ள 31 வருஷம் ஓடிப்போச்சு. நாயுடு 1974 ஜனவரியிலேயே இறந்துட்டார். அதே 1974-லதான் ஃபெரூச்சியோவும் தன் கார் கம்பெனியை முழுசா வித்துட்டு ஒதுங்கினார்.

அவினாசி ரோட்டுல நாயுடு குடும்பம் நடத்துற ஜீடீ கார் மியூசியம் இருக்கு. ஐ.வி.ன்னு சொல்லிட்டு ஊட்டி கிளம்பற மூணாவது வருஷப் பசங்களே, வழியில இறங்கி ஒரு ரெண்டு மணி நேரம் பார்த்துட்டுப் போங்க.