கோவைக்குத் தண்ணீர் தேடியவர்

அந்தக் காலத்துக் கோவையில் நல்ல தண்ணீர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிணற்று நீர் உப்புக் கரிக்கும். கெட்ட தண்ணீரைக் குடித்தால் காலரா வரும். ஆஸ்பத்திரியில் வந்த நோய்க்குத்தான் மருந்து கொடுப்பார்கள். நோய் வராமல் காக்க நல்ல தண்ணீர் அல்லவா வேண்டும்!

இதை உணர்ந்தவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. 1854-ல் பிறந்தவர். "கோயமுத்தூர் கலாநிதி" பத்திரிகையின் ஆசிரியர், நகரசபை உறுப்பினர்.

மேற்கே சிறுவாணி மலை. யானைகள் திரியும் அடர்ந்த காடு. நண்பர்களுடன் நாயுடு அங்கே போனார். முத்திக்குளம் அருவி கொட்டுவதைக் கண்டார். அந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1889-ல் யோசனை சொன்னார். யோசனை யோசனையாகவே கிடந்தது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் பிடித்தது. மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடினார்கள். பிளேக் எலியின் தெள்ளுப்பூச்சியால் வருவது, தண்ணீரால் அல்ல. ஆனாலும் சுகாதாரம் இல்லாத ஊர் என்ன பாடுபடும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

நாயுடு 1922-ல் காலமானார். நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் திட்டத்தை விடாமல் எடுத்து நடத்தினார். (ஆர்.எஸ்.புரம் அவர் பெயரில் அமைந்ததுதான்.) மலையைக் குடைந்தார்கள். பள்ளத்தை நோக்கித் தண்ணீர் தானாகவே ஓடி வந்தது. கோவைக் குழாய்களில் சிறுவாணி கொட்டியது.

அதைப் பார்க்க நாயுடுவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.