தத்துவ போதகர்

1498இல் பிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் சவோனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்தவர்கள் வேற்றுச் சமயத்தினர் அல்லர். அதே இத்தாலியில் 1577இல் உயர்குடியில் பிறந்த ராபர்ட் தெ நொபிலிக்குத் தீ நேரவில்லை. ஆயினும் அவரை வருத்தியவர்களும் சொந்தத் திருச்சபையினரே.

இயேசு சபைத் துறவியாக 1605இல் கோவாவுக்கும் 1606இல் மதுரைக்கும் வந்தார். அங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்திருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியாருக்கு உள்ளூர் மக்களிடம் வரவேற்பில்லை. பறங்கியர் என்றாலே மாட்டிறைச்சியும் மதுவும் நினைவுக்கு வந்த காலம் அது. தெ நொபிலி காவி உடுத்தார். குடுமியும் பூணூலும் சந்தனமும் ஏற்றார். ஒருவேளை மரக்கறி உணவோடு நின்றார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மரிடம் வடமொழி பயின்றார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்றனர்.

பெர்னாண்டஸ் புகார் எழுதினார். ரோமில் செல்வாக்குடன் இருந்த உறவினர் கர்தினால் பெல்லார்மினே முதலில் கடிந்துகொண்டு, விளக்கம் கேட்ட பின்னரே தணிந்தார். 1619இல் கோவாவில் கூடிய அவை எதிராகப் பேசியது. 1623 ஜனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றுக்கு இசைவளித்தார். வழக்கில் வென்றார் துறவி.

அவ்வாண்டே மதுரையை விட்டு நடந்தார். திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், பின்னர் சேலம். ஃபேர்லேண்ட்ஸ் என்ற பெயரே பிறவாத அந்நாளில் சேலம் அவருக்குத் தங்க இடம் தரவும் முதலில் தயங்கியது. பின்னர் நாயக்கர் குடும்பத்துத் திருமங்கல நாயக்கரே அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். சேலம், நாமக்கல் சமவெளியில் அவர் பணி வேரூன்றியது இவ்வாறே.

ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. சாதி வெறும் சமூக வழக்கம் என்று அவர் கொண்டார். ஆதலின் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக அவரால் இயலவில்லை. அவர்களுக்கென 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியாக வேடம் பூண வேண்டியதாயிற்று. துறவியின் மேன்மையை மறுக்காதவர்களும் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது.

அதே ஆண்டில் தெ நொபிலி மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் பார்வை மங்கிய நிலையில் யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய தமிழ் உரைநடை நூல்களைத் தந்த அவர், 1656 ஜனவரியில் மயிலாப்பூரில் மறைந்தார்.

1704இல் புதுச்சேரியில் தூர்னோன் பிறப்பித்த ஆணை, தமிழகத்துச் சடங்குகள் பலவற்றைத் தடுத்தது. நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் இல்லங்களுக்குக் குருக்கள் செல்ல வேண்டுமென்றும் அதே ஆணை விதித்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். அவற்றுக்குப் பணிவதாகக் குருக்கள் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.