கப்பலோடு மறைந்த கப்பற் சிற்பி
தாமஸ் ஆண்ட்ரூஸ் (1873 – 1912)

டைட்டானிக் என்னும் கப்பலின் பெயரைக் கேட்டறியாதவர் நம்முள் எவரும் இரார். பனிப்பாறையில் மோதி அது மூழ்கிய கதையைப் பாட்டிமார் முதல் பாலர் வரை அறிவர். ஆயின் அக்கப்பலை வடிவமைத்துக் கட்டியவர் யார், அந்த இரவில் அவர் எங்கே இருந்தார் என்பவற்றைப் பலர் அறியார். அவரும் அதே கப்பலில்தான் இருந்தார். தாம் கட்டிய கப்பல் மூழ்கப் போகிறது என்பதைக் கணக்கிட்டு முதலில் சொன்னவரும் அவரே. தாமஸ் ஆண்ட்ரூஸ் என்னும் அம்மனிதரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் வடபகுதியில், டௌன் மாவட்டத்தில் கோம்பர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1873ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் தாமஸ் பிறந்தார். தந்தையார் பெயரும் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பதே. லினன் நூல் ஆலை நடத்திய வசதியான குடும்பம் அது. தமையனார் ஜான் பின்னாளில், 1940 முதல் 1943 வரை, வட அயர்லாந்தின் பிரதமராகப் பணியாற்றினார். தாயார் எலைசாவின் உடன்பிறந்தவர் வில்லியம் பிர்ரி, பெல்ஃபாஸ்ட் நகரில் புகழ்பெற்று விளங்கிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் நிறுவனத்தின் கூட்டாளிகளுள் ஒருவர்.

சிறுவன் தாமசுக்குக் குதிரைகள்மீதும் தேனீக்கள்மீதும் பேரன்பு. வீட்டில் தேனீக்கூடுகளை வைத்துத் தானே பேணி வளர்த்தான். பதினொரு வயதில் பெல்ஃபாஸ்ட் நகரப் பள்ளியில் சேர்ந்தான். வகுப்பில் முதல் மாணவன் என்று பெயர் எடுக்கவில்லை. ஆனால் எதைத் தொட்டாலும் கைவேலையில் தேர்ச்சி இருந்தது; உடன் பயின்றவர் அனைவருக்கும் இனியவனாய் இருந்தான்.

படிப்படியாக உயர்ந்தவர்

1889ஆம் ஆண்டு மே மாதம், பதினாறு வயது நிரம்பிய தாமஸ் தாய்மாமனின் கப்பல் தளத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். மாமன் பெரிய பதவியில் இருக்க, மருமகனுக்கு நாற்காலி காத்திருக்கும் என்று நாம் எண்ணலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, மற்றத் தொழிலாளரோடு வாயிலில் நுழைந்து, தச்சுப் பட்டறையில் மூன்று திங்கள் வேலை செய்தார். பின்னர் வண்ணம் பூசுவோர், கொல்லர், இரும்புத் தகடு பொருத்துவோர் என ஒவ்வொரு பிரிவிலும் முறையாகப் பயின்றார். இறுதி ஒன்றரை ஆண்டுகள் வரைபடக் கூடத்தில் கழிந்தன. மாலை நேரங்களில் இயந்திரவியலும் கப்பல் வடிவமைப்பும் கற்றார். இவ்வாறு ஐந்தாண்டுகள் சென்றன.

கப்பலின் எந்தப் பகுதியை எந்தக் கை எவ்வாறு செய்கிறது என்பதைத் தம் கையாலேயே செய்து அறிந்தவர் என்பதால் தொழிலாளர் அவரை மதித்தனர். அதற்கும் மேலாக நேசித்தனர். 1901ஆம் ஆண்டில் கட்டுமானப் பணிகளின் மேலாளரானார். 1907இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர்களுள் ஒருவராகவும் வடிவமைப்புப் பிரிவின் தலைவராகவும் உயர்ந்தார். அப்போதும் வண்ணக் கறை படிந்த தொப்பியும், சட்டைப்பை நிறைய வரைபடங்களுமாகத் தளத்தைச் சுற்றி வருவார். ஒரு மாலை வேலை முடிந்து கூட்டமாக வெளியேறிய தொழிலாளரைத் தம் மனைவிக்குக் காட்டி, அவர்கள் தம் தோழர்கள் என்று பெருமையோடு சொன்னாராம்.

1908 ஜூன் 24ஆம் நாள் ஹெலன் பார்பர் என்னும் நங்கையை மணந்தார். 1910 நவம்பரில் எலிசபெத் என்னும் மகள் பிறந்தாள்.

மாபெரும் கப்பல்

வைட் ஸ்டார் நிறுவனத்துக்காக ஒலிம்பிக், டைட்டானிக் என்னும் இரட்டைக் கப்பல்களைக் கட்டும் பணி அப்போது தொடங்கியிருந்தது. டைட்டானிக்கின் அடிமரம் 1909 மார்ச் 31ஆம் நாள் இடப்பட்டது. முதலில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த அலெக்சாண்டர் கார்லைல் 1910இல் ஓய்வு பெறவே, பொறுப்பு முழுவதும் ஆண்ட்ரூஸ் தோள்மீது விழுந்தது. 1911 மே 31ஆம் நாள் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் 269 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 46,328 டன். அந்நாளில் உலகில் அதனினும் பெரிய கப்பல் இல்லை.

அதன் பாதுகாப்பு அமைப்பைச் சற்றே உற்று நோக்குவோம். கப்பலின் உட்பகுதி 15 குறுக்குச் சுவர்களால் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் நீர் புகுந்தால் அடுத்த அறைக்குச் செல்லாதபடி இரும்புக் கதவுகள் இருந்தன. மாலுமிகள் நிற்கும் மேல்தளத்திலிருந்து ஒரு விசையை அழுத்தினால் அடித்தளக் கதவுகள் யாவும் மூடிக்கொள்ளும். அடுத்தடுத்த எந்த இரண்டு அறைகளில் நீர் நிறைந்தாலும் கப்பல் மிதக்கும். முன்பக்கத்து நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும். 1911 செப்டம்பரில் ஒலிம்பிக் கப்பல்மீது ஹாக் என்னும் போர்க்கப்பல் மோதி இரண்டு அறைகளில் நீர் நிறைந்தபோதும், அது மூழ்காமல் கரை சேர்ந்தது. இதனைக் கண்ட உலகம் இக்கப்பல்கள் மூழ்கவே மாட்டா என்று நம்பத் தொடங்கியது.

ஆயினும் குறைகள் இருந்தன. அக்குறுக்குச் சுவர்கள் கப்பலின் உச்சி வரை எழும்பவில்லை. நீர்மட்டத்துக்குச் சில அடி உயரத்தில் நின்றுவிட்டன. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். மூடியைத் திறந்து முதல் அறையில் நீரை ஊற்றிப் பெட்டியை அப்பக்கம் சாய்த்தால் என்ன நிகழும்? நீர் சுவரின்மேல் வழிந்து இரண்டாம் அறைக்கும், அங்கிருந்து மூன்றாம் அறைக்கும் செல்லும். கப்பலின் முன்பக்கம் போதிய அளவு தாழ்ந்தால் இதுவே நிகழும். மேலும், கப்பலின் அடிப்பகுதிக்கு இரட்டைத் தகடு இருந்தது. பக்கங்களுக்கோ ஒற்றைத் தகடுதான். கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பழைய கப்பலுக்குப் பக்கங்களிலும் இரட்டைத் தகடு இருந்தது. 1862இல் அதன் வெளித்தகடு எண்பது அடிக்கு மேல் பாறையில் கிழிந்தும் அது பத்திரமாக நியூயார்க் சேர்ந்தது.

உயிர்காப்புப் படகுகளின் கதை இன்னும் வருந்தத்தக்கது. பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் விதி. அவ்விதி 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதன்பின் கப்பல்கள் மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருத்துவிட்டன, விதியோ வளரவில்லை. டைட்டானிக்கில் 20 படகுகள் வைக்கப்பட்டன. விதி கேட்டதைவிட நான்கு கூடுதல்! ஆனால் அவற்றில் இடமோ 1,178 பேருக்குத்தான். முதற்பயணத்தில் ஏறியவர் ஏறத்தாழ 2,200 பேர். மிகுதியான படகுகளைத் தாங்கும் கொக்கிகள் கப்பலில் பொருத்தப்பட்டிருந்தும், அவற்றில் படகுகள் தொங்கவில்லை.

முதற்பயணம்

1912 ஏப்ரல் 10ஆம் நாள் டைட்டானிக் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்டது. புதுக் கப்பலின் குறைகளைக் கண்டறிந்து சரிசெய்யக் கப்பல் தளத்திலிருந்து ஒரு குழு உடன் செல்வது வழக்கம். அக்குழுவுக்கு ஆண்ட்ரூஸ் தலைவர். தொழில் பயிலும் இளைஞர் சிலரும் அதில் இருந்தனர்.

அவர் கையில் எந்நேரமும் குறிப்பேடு. அறைகளில் தொப்பி மாட்டும் கொக்கிகளுக்குத் திருகாணிகள் அதிகம்; நடைபாதைச் சுவரின் நிறம் சற்று அடர்த்தி; சமையற்கூடத்துச் சூடேற்றும் பெட்டியில் கோளாறு. இப்படி ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். கப்பல் தம் நிறுவனத்துக்குப் பெருமை சேர்க்கும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். ஒரு திருகாணி மிகுந்ததைக்கூடக் கண்ட கண்கள் அவருடையவை!

அந்த இரவு

ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு அது. காலையில், கப்பலில் பயணம் செய்த ஆங்கிலேயக் குருவான அருட்தந்தை தாமஸ் பைல்ஸ் பயணிகளுக்குத் திருப்பலி நிறைவேற்றினார். பகல் முழுவதும் பிற கப்பல்களிலிருந்து பனிப்பாறை பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தி வழியே வந்தவண்ணம் இருந்தன. வேகம் குறைக்கப்படவில்லை. இரவு 11.40 மணிக்குக் கப்பலின் வலப்பக்கம் பனிப்பாறையில் உராய்ந்தது.

அந்த உராய்வில் பெரிய பிளவு ஏற்படவில்லை. தகடுகளின் இணைப்புகள் விலகி, ஆங்காங்கே மெல்லிய இடுக்குகள் தோன்றின. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ பன்னிரண்டு சதுர அடிதான் இருக்கும் என்று நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பின்னர் விசாரணையில் கணக்கிட்டுச் சொன்னார். ஒரு சிறிய சன்னலின் அளவு! ஆனால் அவ்விடுக்குகள் ஐந்துக்கும் மேற்பட்ட அறைகளில் பரவியிருந்தன. கப்பல் தாங்கக்கூடியது நான்கு.

கப்பல் தலைவர் எட்வர்ட் ஸ்மித் ஆண்ட்ரூசை அழைத்தார். அவர் கீழே இறங்கிச் சென்று பார்த்தார். பத்தே நிமிடங்களில் முன்னறைகளில் நீர் பதினான்கு அடி உயர்ந்திருந்தது. அவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கப்பல் நிற்காது என்று தலைவரிடம் அறிவித்தார். படகுகளில் பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு என்பதையும் அவர் அறிவார். அந்த வேளையில் அவர் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்!

ஆனால் அவர் கலங்கி நிற்கவில்லை. அறை அறையாகச் சென்று மக்களை எழுப்பினார். கச்சையை அணிந்துகொண்டு மேல்தளத்துக்குச் செல்லுமாறு வற்புறுத்தினார். பயணிகள் அஞ்சுவார்களே என்று கச்சை அணியத் தயங்கிய பணிப்பெண்ணிடம், அதை அணிந்து அனைவர் கண்ணிலும் படும்படி நடக்கச் சொன்னார். கப்பல் மூழ்கும் என்பதைப் பலர் நம்பாததால் முதற்படகு 65 பேர் அமரத்தக்கதாயிருந்தும் 28 பேரோடு இறங்கிற்று. தயங்கிய பெண்களை அவர் படகில் ஏறும்படி மன்றாடினார். இறுதியில், நீரில் விழுவோர் பற்றிக்கொள்ளட்டும் என்று தளத்து நாற்காலிகளைக் கடலில் எறிந்ததைக் கண்டவர் உண்டு. புகைபிடிக்கும் கூடத்தில் தம் கச்சையைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டுத் தனியே நின்றதைக் கண்டவரும் உண்டு.

கீழே பொறியாளர்கள் இறுதிவரை நீரிறைக்கும் பொறிகளையும் விளக்குகளையும் இயக்கினர். அவர்களில் ஒருவரும் தப்பவில்லை. மேலே அருட்தந்தை பைல்ஸ் படகேற மறுத்து, எஞ்சியவர்களோடு செபித்து, பாவமன்னிப்பு வழங்கியபடி நின்றார். ஆண்ட்ரூஸ் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் பிறருக்காகத் தம் உயிரைப் பொருட்படுத்தாத அன்பில் இருவரும் அன்றிரவு உடன்பிறந்தாராயினர்.

ஏப்ரல் 15, அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். தப்பியவர் 700 பேர் அளவினர். ஆண்ட்ரூசின் குழுவினர் ஒன்பது பேரும் திரும்பவில்லை. அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது முப்பத்தொன்பது. மகளுக்கோ ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. நியூயார்க்கில் இருந்த உறவினர் ஒருவர் தப்பி வந்தவர்களை விசாரித்து, அவர் பிறரைக் காப்பதிலேயே கருத்தாயிருந்து மடிந்தார் என்று கோம்பருக்குத் தந்தி அனுப்பினார்.

பின்விளைவுகள்

உலகம் பாடம் கற்றது. ஒலிம்பிக் கப்பல் மீண்டும் தளத்துக்கு வந்தது. பக்கங்களுக்கு இரட்டைத் தகடு, உயர்த்தப்பட்ட குறுக்குச் சுவர்கள், அனைவருக்கும் படகு என மாற்றங்கள் பெற்றது. 1914 ஜனவரி 20ஆம் நாள் லண்டனில் நாடுகள் பல கூடிக் கடற்பயணப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒவ்வொரு பயணிக்கும் படகில் இடம், இரவும் பகலும் தந்திக் கண்காணிப்பு, பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் ரோந்து ஆகியவை அதன் பயன்கள். 1985 செப்டம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. கோம்பர் மக்கள் தங்கள் ஊர் மகனுக்கு எழுப்பிய நினைவு மண்டபம் 1915இல் திறக்கப்பட்டது.

நாம் கற்பது

ஆண்ட்ரூசை நாம் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. படகுகள் குறைந்த கப்பல் அவர் மேற்பார்வையில்தான் தளத்தைவிட்டுச் சென்றது. அவர் சோம்பேறியுமல்லர், வஞ்சகருமல்லர். கொக்கியின் திருகாணியை எண்ணியவர். அத்தகையவரும் அவரைச் சூழ்ந்திருந்த அறிஞர் அனைவரும் விதி நிறைவேறியதோடு மனநிறைவு கொண்டனர். விதி நிறைவேறுவது வேறு, உயிர் காக்கப்படுவது வேறு என்பதை 1,500 உயிர்கள் கொடுத்து உலகம் அறிந்தது.

ஆனால் பிழை வெளிப்பட்ட நொடியில் அவர் அதை மறைக்கவில்லை; வேறெவர்மீதும் சுமத்தவில்லை. கணக்கை உள்ளபடி சொன்னார். எஞ்சிய நேரம் முழுவதையும் பிறருக்குக் கொடுத்தார். அவரிடம் நாம் போற்ற வேண்டியது இதுவே.

அன்பு மாணவியரே, நாளை உங்களுள் பொறியாளரும் மருத்துவரும் ஆசிரியையரும் இல்லத்தரசியரும் தோன்றுவீர்கள். பிறர் உயிர் உங்கள் கையில் இருக்கும் நாள் ஒன்று வரும். ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் சிவப்பு வாளியைப் பார்க்கும்போதெல்லாம் இக்கப்பலை நினையுங்கள். வாளி மாட்டியிருந்தால் விதி நிறைவேறிவிடும். அதில் மணல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவளே உயிரைக் காப்பவள்.