மதுரையில் பிறந்த ஒற்றைக்கண் வாத்தியார்

செமஸ்டர் முடிவு வரும் நாட்களில் நம் குடியிருப்பில் ஏதாவது ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எழும். கோடிங் இவளுக்கு வராது போலிருக்கிறதே, வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு யோசனை ஓடினால், முடிவெடுக்கும் முன் ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் பெயர் அகஸ்டஸ் டி மார்கன். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், டி மார்கன் விதி என்றால் உடனே தெரியும். அவர் பிறந்த ஊரும் தூரத்தில் இல்லை. போடியில் ரயில் ஏறினால் போய் இறங்குகிறோமே, அந்த மதுரைதான்.

1806 ஜூன் 27-இல் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. பத்து வயதில் தந்தையும் இறந்தார். பள்ளியில் ஒற்றைக்கண் பையனால் மற்றவர்களோடு விளையாட முடியவில்லை. கேலிக்கும் குறைவில்லை.

கணக்கில் கெட்டிக்காரன் என்று பதினான்கு வயதுவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் அளவுகோலும் காம்பஸும் வைத்துக்கொண்டு வடிவியல் பாடத்தின் படம் ஒன்றை வெகு கவனமாக வரைந்துகொண்டிருந்தான். குடும்ப நண்பர் ஒருவர் அதைப் பார்த்தார். படம் அழகாக வருவது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றை நிரூபிப்பதுதான் நோக்கம் என்று விளக்கினார். அதன் பிறகுதான் பையனுக்கு வழி திறந்தது. திறமை முன்பே இருந்திருக்கிறது. எதற்காகப் படிக்கிறோம் என்பதைத்தான் அதுவரை யாரும் சொல்லவில்லை.

கேம்பிரிட்ஜில் படித்து, 1827 கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தார். மேற்பட்டம் வாங்க மத உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாததால் பட்டமே வேண்டாம் என்று வந்துவிட்டார். 1828-இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் முதல் கணிதப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 21.

1831-இல் கணிதம் படிப்பதில் உள்ள கஷ்டங்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பூஜ்யம், பின்னம், கழித்தல் குறி போன்றவற்றில் தொடக்க மாணவன் எங்கே, ஏன் தடுமாறுகிறான் என்று விளக்கும் புத்தகம் அது. தடுமாறுவதை மந்தபுத்தி என்று அவர் ஒதுக்கவில்லை. அந்த இடம் உண்மையிலேயே கடினமானது, அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. தேர்வுக்காக மனப்பாடம் செய்வது அவருக்கு அறவே பிடிக்காது.

1840-இல் அவரிடம் ஒரு மாணவி வந்தார். கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். வயது 24, மூன்று குழந்தைகளின் தாய். பாடம் பெரும்பாலும் கடிதத்தில்தான் நடந்தது. சாதாரண இயற்கணிதப் படிகளிலேயே ஏடா சிக்கிக்கொள்வார். புரியாததைப் புரியவில்லை என்றே எழுதிக் கேட்பார். டி மார்கனும் பொறுமையாகப் பதில் எழுதுவார். பெண்ணின் உடல் இவ்வளவு மூளை உழைப்பைத் தாங்குமா என்று அக்காலத்து ஆண்களைப் போல அவரும் சந்தேகப்பட்டது உண்டு. ஆனால் பாடத்தை நிறுத்தவில்லை. 1843-இல் அதே ஏடா, சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கு எந்திரம் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதி வெளியிட்டார். உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் சொல்வது அதைத்தான்.

இனி அந்த விதிக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். காய் நல்ல பச்சையாகவும் இருக்க வேண்டும், 8 மி.மீ. சல்லடையில் நிற்கவும் வேண்டும், அப்போதுதான் முதல் தரம் என்று வைப்போம். மற்ற காயை ஒதுக்கு என்று எந்திரத்துக்கு எப்படிச் சொல்வீர்கள்? பச்சையாகவும் இல்லாமல், பெரிதாகவும் இல்லாமல் இருப்பதை ஒதுக்கு என்றுதான் முதலில் வாயில் வரும். அது தப்பு. வெளுத்த பெரிய காயும், பச்சையான சின்னக் காயும் தப்பித்து முதல் தரத்தில் சேர்ந்துவிடும். பச்சை இல்லை அல்லது பெரிது இல்லை, இரண்டில் ஒன்று இருந்தாலே ஒதுக்கு என்று சொல்ல வேண்டும். மறுக்கும்போது ‘உம்’ என்பது ‘அல்லது’ ஆகிவிடுகிறது. அதேபோல ‘அல்லது’ என்பது ‘உம்’ ஆகும். இவ்வளவுதான் டி மார்கன் விதி. பழைய தர்க்க அறிஞர்களுக்கும் இது தெரியும். அதைக் கணிதக் குறியீட்டில் விதியாக்கியவர் இவர்.

காய் பொறுக்கும் அக்காவிடம் நீங்கள் எப்படிச் சொன்னாலும் அவர் சரியாகப் பிரித்துவிடுவார். நம் மனதில் இருப்பது அவருக்குப் புரியும். எந்திரத்துக்குப் புரியாது. சொன்னதை மட்டும்தான் செய்யும். கோடிங் படிக்கும் பிள்ளை மல்லுக்கட்டுவது இதோடுதான். ஆங்கிலம் குறைவாக இருப்பது சின்னத் தடை. பேச்சில் நாம் சொல்லாமல் விடுவதையெல்லாம் அங்கே சொல்லியாக வேண்டும் என்பதுதான் பெரிய தடை. புதிதாகப் படிக்கும் எல்லோருக்கும் அது உண்டு.

பேராசிரியருக்கும் புரியாதது இருந்தது. 1852-இல் மாணவர் ஒருவர், பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாகாமல் எந்த வரைபடத்துக்கும் வண்ணம் பூச நான்கு நிறம் போதுமா என்று கேட்டார். டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. அன்றைக்கே நண்பர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டார். போதும் என்று 1976-இல்தான் நிரூபித்தார்கள், அதுவும் கம்ப்யூட்டர் உதவியோடு.

1866-இல் கொள்கைக்காகவே வேலையை உதறினார். அடுத்த ஆண்டு, கணிதத்தில் சிறந்து வந்த மகன் ஜார்ஜ் இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. 1871 மார்ச் 18-இல் காலமானார்.

பிரிவை மாற்றும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், பிள்ளையைக் கீழே மோட்டார் அறைக்கு அழைத்துப் போங்கள். மாடித்தொட்டி நிரம்பாமலும் சம்ப்பில் தண்ணீர் இருந்தும் இருந்தால் மோட்டார் ஓட வேண்டும். அப்படியானால் எப்போது நிற்க வேண்டும்? தமிழிலேயே ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பியும் சம்ப் காலியாகியும் என்று எழுதினால் தொட்டி வழியும், அல்லது காயில் கருகும். ஏன் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.