பாலூவுக்குத் தனி டீ

மும்பை போனா ஆசாத் மைதானத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பாம்பே ஜிம்கானா கிரவுண்டைப் பாருங்க. இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் 1933-இல் நடந்தது அங்கேதான். நான் சொல்ல வந்த ஆள் அதுக்கும் முன்னாடி: பல்வங்கர் பாலூ, இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்.

தலித் குடும்பம். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் பராமரிக்கிற வேலை. அங்கே நெட்ஸில் அவங்களுக்குப் பந்து போட்டுப் போட்டே தேறினார். அப்புறம் இந்து கிளப் ஒண்ணு சேர்த்துக்கிச்சு, விக்கெட் வேணுமே! களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடுவாங்க. டீ பிரேக்கில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளை.

அப்போ பம்பாயில் மதவாரியாத்தான் டீம். 1906-இல் இதே ஜிம்கானாவில் இந்துக்கள் ஐரோப்பியரைத் தோற்கடிச்சாங்க. அதில் பாலூவின் பந்துவீச்சு பெரிய பங்கு. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். ஆனாலும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குத் தரப்படவே இல்லை. 1923-இல் அது கிடைச்சது தம்பி விட்டலுக்கு.