சேர்வராயன் மலையில் எட்கர் தர்ஸ்டன்

ஏற்காட்டுக்குச் செல்லும் நாம் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மீள்கிறோம். அம்மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளி மக்களை அறிந்து வருவோர் சிலரே. பெயர் கேட்டுக் கேரளத்தார் எனக் கருதுதல் வேண்டா; இவர்தம் மொழி தமிழே. இம்மக்களைத் தேடிச் சென்று அளந்தும் கேட்டும் எழுதியவர் எட்கர் தர்ஸ்டன்.

1855-இல் பிறந்த இவ்வாங்கிலேயர் இலண்டனில் மருத்துவம் பயின்றவர். 1885-இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பேற்றார். இராமேசுவரக் கடலுயிர்களை ஆராய்ந்த அவரது உள்ளம் பின்னர் மக்களினங்களின்பால் திரும்பிற்று.

மூக்கின் அகலம் கொண்டு குலத்தின் உயர்வு தாழ்வை அறியலாம் என்னும் ரிஸ்லியின் கொள்கை அந்நாளில் ஓங்கியிருந்தது. தர்ஸ்டனும் அளவுக் கருவிகளோடு மலைதோறும் ஏறினார். மக்கள் அஞ்சினர். சென்னைக் காட்சிச்சாலையில் தம்மைப் பாடம் செய்து வைத்துவிடுவார் என வயநாட்டுப் பணியப் பெண்கள் எண்ணினராம். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று கருதி மறுத்தார் நீலகிரி இருளர் ஒருவர். அவர்கள் அச்சத்தை நாம் நகைத்து ஒதுக்குவதற்கில்லை. அரசின் ஆள் வந்து தலையை அளந்தால் எவர்தாம் அஞ்சார்?

சேர்வராயன் மலையாளிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1899-இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்பது அம்மக்களின் வரலாறு. மலையில் வாழ்வதனாலேயே ஒருவர் தொல்குடியாகிவிடார் என்பதை இக்கதை உணர்த்துகின்றது. கருவி அளக்காததைச் செவி அறிந்தது எனலாம்.

அவர் எழுதியவற்றுள் நம்மை மிகவும் ஈர்ப்பது 1897-இல் வந்த சீனத் தமிழ்க் குடும்பம் பற்றிய குறிப்பே. சிங்கப்பூர், பினாங்கு முதலிய நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர், தண்டனை முடிந்தபின் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கினர். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தனர். தர்ஸ்டன் தந்தை, தாய், பிள்ளைகள் ஆகியோரின் தலையையும் மூக்கையும் அளந்தார். சீனத்திலிருந்து கடல் கடந்து வந்தவன் மலைச்சரிவில் தமிழ்க் குடும்பத் தலைவனான கதையோ சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த இல்லத்தில் எம்மொழி பேசினர், பிள்ளைகளுக்கு என்ன பெயரிட்டனர் என்பவற்றை அறியவே நம் மனம் விழைகிறது.

1908-இல் பணி ஓய்வு பெற்றார். கே. ரங்காச்சாரியின் துணையோடு உருவான தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மரக்காயர், லெப்பை, மாப்பிள்ளை ஆகியோர் பற்றிய கட்டுரைகளும் அதில் உள. மூக்களவுக் கொள்கையை அறிஞர் கைவிட்டனர். அவர் பதிந்த வழக்காறுகளையோ ஆய்வாளர் இன்றும் புரட்டுகின்றனர். இறுதிக் காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் செடிகொடிகளை ஆராய்ந்திருந்த தர்ஸ்டன் 1935-இல் மறைந்தார்.